சுவரைத் திறந்த மெம்பரக்கா

பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் மெம்பரக்கா குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வார். வாயில் ஊசி வைத்திருப்பவரைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. கேட்டவர் கொஞ்ச நேரம் நிற்பார், தையல் மிஷின் ஓடுவதைப் பார்ப்பார், போய்விடுவார். இந்த வருஷம் அவரை ஊசி இல்லாத வாயோடு நான் பார்த்தது குறைவு.

எதிர்வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். காற்றுக்காக அவர் கதவைத் திறந்து வைத்துத் தைப்பதால் முன்னறையில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பார். நகரசபை உறுப்பினரான பிறகும் தொழிலை விடவில்லை. புகார் சொல்ல வந்தவர்களும் துணி கொடுக்க வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சாக்கடை அடைப்பைச் சொல்ல வந்த ஒருவரை எழுப்பி நிறுத்தித் தோளையும் கையையும் அளந்துவிட்டார் ஒருநாள்.

“சொல்லியிருக்கலாம்ல?” என்று அவரிடமே கோபித்துக்கொண்டார்.

“நீங்க அளக்கும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு நின்னேன்க்கா.”

எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. கடைசியில் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் முன்பு வெறும் காலி மனை; இப்போது வரிசையாகப் புது வீடுகள். கட்டியவர் பெரிய சாலைக்கு வழி இருப்பதாகச் சொல்லித்தான் வீடுகளை விற்றார். வழி போக வேண்டிய நிலத்துக்காரர் வேலி போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். வீடு வாங்கியவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைச் சேற்றில் நடந்து வேலைக்குப் போனார்கள். சுவரை இடித்து எங்கள் தெரு வழியாக விட வேண்டும் என்று நகரசபையில் கேட்டார்கள்.

தெரு கொதித்துப் போனது. ஒரு கார் உள்ளே வந்தால் எதிரே வரும் சைக்கிள் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டிய தெரு இது. “அவன் தப்பா கட்டினதுக்கு நம்ம வாசல் ரோடாகணுமா?” என்று முதலில் கேட்டவர் மெம்பரக்காவின் அண்ணன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க இன்ஜின் இரைச்சலில் உட்கார்ந்தவர், அமைதி வேண்டும் என்றே சுவரை ஒட்டிய கடைசி வீட்டைத் தேடிப்பிடித்து வாங்கினார். தங்கையைத் தேர்தலில் நிற்க வைத்ததும் அவர்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, “என் தங்கச்சி இருக்கிற வரைக்கும் அந்தச் சுவத்துல ஒரு செங்கல்லு அசையாது” என்று சொல்லி ஓட்டு கேட்டார். தெரு மொத்தமும் போட்டது.

சுவர் விவகாரம் சபைக்கு வருவதற்கு முன்பு, ஒரு மழைநாள் காலையில் மெம்பரக்கா வாய்க்கால் கரையைப் பார்க்கப் போனார். எதிர்த்துப் பேச விவரம் வேண்டும் என்றுதான் போனார். அங்கே ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அவருடைய மருமகன்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் கரை முனையில் நின்றது. அதற்கு மேல் அது வர முடியாது. ஒரு மருமகனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு அடிபட்டுதாப்பா?” என்று அவனைக் கேட்டாராம். மெம்பரக்கா குடையைப் போட்டுவிட்டு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். மெம்பரக்காதான் பழையபடி இல்லை. “பார்க்காம இருந்திருந்தா நிம்மதியா எதிர்த்துக் கை தூக்கியிருப்பேன். போய்ப் பார்த்துத் தொலைச்சேன்” என்றார் என்னிடம்.

சுவரைத் திறக்கத்தான் கை தூக்கப் போவதாக அன்று சாயங்காலமே அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

“அப்ப ஜனங்ககிட்ட நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்?”

“தப்புதாண்ணா. உன் பேரு கெடும். ஆனா நீயும் ஒரு தடவை அந்தக் கரையில நடந்து பாரேன்.”

“நான் எதுக்கு நடக்கணும்? எனக்குத்தான் ரோடு இருக்கே.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சபையில் மெம்பரக்கா சுவரைத் திறக்கக் கை தூக்கினார். நெடுநேரம் இழுபறியாகி, கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒரு முடிவு வந்தது. சுவரை இடிக்கலாம், நடுவில் ஓர் இரும்புத் தூண் நட்டுப் பூட்டு போட வேண்டும். நடப்பவர்களும் பைக்குகளும் போகலாம். ஆம்புலன்ஸுக்கு மட்டும் தூணை எடுக்கலாம். சாவி வார்டு உறுப்பினரிடம்.

“கார் போகாத வழி எதுக்குக்கா?” என்று அந்தப் பக்கத்தார் வந்து கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தார் கேட்பதே இல்லை. தைக்கக் கொடுத்திருந்த துணிகளை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள் சிலர். சாமான் லாரிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். “ஒரே ஒரு பீரோதான்க்கா, திறந்து விடுங்க.”

“எல்லாருமே ஒரே ஒரு பீரோதான் வச்சிருக்கீங்க” என்பார் தலை நிமிராமல்.

யாருக்குத் திறக்கிறார் என்று ஜன்னல்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மதியத்தில் மிஷின் மிதியில் கால் இருக்க, கையில் பிடித்த துணியோடு தூங்கிவிடுகிறார். மிக்சி ரிப்பேர் செய்யும் கணவர், “அடுத்த தேர்தல்ல நிக்காத” என்கிறார்.

“நிக்கிறதா? எனக்கு உக்காரவே நேரமில்ல.”

அண்ணன் மட்டும் தினமும் மாலையில் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்காருவார். தங்கை சாவியோடு வருவது தெரிந்தால் நாற்காலியைப் பக்கவாட்டுச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொள்வார். அவரைக் கடந்துதான் தூணுக்குப் போக வேண்டும்.

போன வாரம் ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்துபோனது. தூணை மறுபடி நிறுத்திப் பூட்டிவிட்டு மெம்பரக்கா திரும்பினார். அண்ணன் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் புழுதி. ஒரு சட்டை கீழே விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தார். உதறினார். அக்குளில் தையல் பிரிந்திருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“அது கிழிஞ்சது. கீழ போடு” என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே. சபையில் கை தூக்கிய நாளுக்குப் பிறகு தங்கையிடம் அவர் முதல்முறையாகப் பேசியது அதுதான்.

மெம்பரக்கா கொடியில் இருந்த மற்றத் துணிகளையும் ஒவ்வொன்றாக உதறிக் கிளிப் மாட்டினார். அந்தச் சட்டையை மட்டும் நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் வீட்டைப் பார்க்க நடந்தார்.