தானாக நடக்கும் சிப்பாய்

கல்யாணமாகி வளைகுடா நாட்டு ரூவிக்கு வந்த புதிதில் என் கணவர் எனக்குத் துணையாகக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு வீடியோ கேம். பூனை கேட்டிருந்தேன். பூனை வளர்த்தால் கட்டிடத்துக்காரன் சத்தம் போடுவான் என்றார். அவருடைய எலக்ட்ரானிக்ஸ் கடையில் அட்டைப்பெட்டி கிழிந்து விலைபோகாமல் கிடந்த சாமான்தான் அது என்று எனக்கு அன்றே தெரியும். காலையில் கடைக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், கொஞ்சம் கண்ணயர்வார், மறுபடி போனால் இரவுதான். நடுவில் நானும் ஏசியின் உறுமலும்தான். இவள் அழுதுகொண்டே இருக்கிறாளே என்று டிவியில் அதை மாட்டிவிட்டு, "இதப் போட்டா பிள்ளைங்க சோறு தண்ணியே கேக்காதுங்க, புள்ள" என்றார். எனக்கும் அந்த வயசுதான் என்று நினைத்திருப்பார்.

கேசட்டின் மேல் இருந்த எழுத்து சீனமோ சப்பானியமோ, யாருக்குத் தெரியும். திரையில் ஒரு குகை. குட்டிச் சிப்பாய் ஒருவன் வாளோடு நடப்பான். குகையின் கடைசியில் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும் என்று பெட்டிப் படத்தில் பார்த்தேன். தவளை உடம்பு, ஆட்டுக்கொம்பு, நெற்றியில் ஒற்றைக் கண். நான் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கினேன். சிப்பாய் நடந்தான். இரண்டு வௌவாலை வெட்டினான். ஒரு குழியில் விழுந்து செத்தான். பாட்டு முதலிலிருந்து வந்தது. மறுபடி நடந்தான், அதே குழியில் விழுந்தான். காலை முழுக்க அவனைக் கொன்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் குளியலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"அக்கா, அங்கை ஆரும் விளையாடேல்லை. அது தானா நடக்குது."

எனக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. கதவு உள்தாழ்ப்பாள். குளியலறையில் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்தால் கிணறு மாதிரி ஒரு சந்துதான், குழாய்கள் மட்டும் இறங்கும். அதை டக்ட் என்பார்கள். அதில் மனுசர் நிற்க முடியாது. மனுசர் நிற்க முடியாத இடத்தில் பேசுவது யார் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆயத்துல் குர்ஸியைச் சத்தமாக ஓத ஆரம்பித்தேன். ஜின்னாக இருந்தால் பாதியிலேயே ஓடியிருக்க வேண்டும்.

"ஓதுறீங்களோ? சரி, ஓதி முடியுங்கோ. நான் நிக்கிறன்" என்றது குரல்.

ஓதி முடிக்கும்வரை காத்திருக்கிற மரியாதையான ஜின்னைப் பற்றி எங்கள் உம்மா சொன்னதே இல்லை. பயம் பாதி, சிரிப்பு பாதியாக ஜன்னலுக்குப் போனேன்.

முகம் தெரியாத குரலோடு பேசுவது எனக்குப் புதிதில்லை. எங்கள் கடற்கரை ஊரில் பெண்கள் தெருவில் நடப்பதில்லை. வீடுகளுக்குப் பின்னால் பெண்களுக்கென்றே முடுக்குச் சந்துகள் உண்டு. சமையல் முதல் சண்டை வரை எல்லாம் மதிலுக்கு மேலேதான் போகும். பார்க்காமலே ஒருத்தியோடு ஆயுசுக்கும் பழகலாம். ஆகையால் ஜன்னலில் நின்று, "ஏ புள்ள, நீ யாரு, எங்கேர்ந்து பேசறே?" என்று கேட்டேன்.

திருகோணமலைப் பக்கத்துப் பெண். எங்கள் கட்டிடத்திலேயே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் இதே கேம் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் ஆபீசுக்கும் போன பிறகு, வேலையை முடித்துவிட்டு அவள் ஆடுவாள். என் வீட்டுப் பாட்டு டக்ட் வழியாக அவள் காதில் விழுந்திருக்கிறது. ஆளில்லாமல் விட்டால் சிப்பாய் தானாக நடந்து காட்டுவான், அது ஆட்டமில்லை, வேடிக்கை காட்டுவது. பெரிய பட்டனை அமுக்கினால்தான் அவன் நம் கைக்கு வருவான். இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

அமுக்கினேன். கைக்கு வந்த சிப்பாய் நான் நடத்திய லட்சணத்தில் குழிக்குப் போகுமுன்பே செத்தான்.

அவளுக்கு என் திரை தெரியாது. சத்தத்தை வைத்தே சொல்வாள். "இப்ப வௌவால் வருது, குனியுங்கோ." "தண்ணிச் சத்தம் கேட்டா நில்லுங்கோ." ஒலியை நான் கூட்டிவைத்துக் குளியலறைக் கதவைத் திறந்து போட வேண்டும். அப்படி ஒருவழியாகப் பூதத்திடம் போய்ச் சேர்ந்தேன். போன வேகத்தில் அது என்னை விழுங்கியது. மறுபடி போனேன், மறுபடி விழுங்கியது. கோபத்தில் ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தேன்.

"அக்கா, முதல் சும்மா சாகுங்கோ" என்றாள். "அடிக்காதேங்கோ. அது என்ன செய்யுதெண்டு கேட்டுக்கொண்டு சாகுங்கோ. சாகப் பயந்தா படிக்கேலாது."

"சாகறதுக்கு நீ சொல்லித் தரணுமாக்கும்" என்று நான் சண்டைக்குப் போனேன். ஆனாலும் அவள் சொன்னது சரி. பலமுறை சும்மா செத்த பிறகு காதில் பட்டது: பாய்வதற்கு முன்னால் பூதம் மூச்சிழுக்கும், அப்போது பாட்டு ஒரு நொடி நிற்கும். அந்த இடத்தில்தான் குதிக்க வேண்டும். தெரிந்தது, ஆனால் கை ஓடவில்லை.

பிற்பாடு அவளே தன் கதையைச் சொன்னாள். விமான நிலையத்திலிருந்து ராத்திரியில் காரில் கொண்டுவந்து ஏற்றிய வீட்டை விட்டு அவள் இறங்கவே இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் அனுப்பவில்லை. எல்லோரும் வெளியே போகும்போது வாசலில் பூட்டு. போனுக்கும் ஒரு குட்டிப் பூட்டு. என் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளே இருந்தது, அவள் கதவுக்குப் பூட்டு வெளியே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்காரர் வேறை நாட்டுக்கு மாறிப் போகினம், அக்கா. என்னையும் கொண்டு போவினமாம். எந்த நாடெண்டு சொல்லினமில்லை" என்றாள். "என்ரை கூடப்பிறந்தவள் இஞ்சைதான் ஆஸ்பத்திரியிலை கூட்டித் துடைக்கிறாள். அவளுக்கு நான் இருக்கிற இடம் தெரியாது. எனக்கே தெரியாதே. அவளுக்கொருக்கால் சொல்லுங்கோவன். அவள் வந்தா விடமாட்டாள், எப்பிடியும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவாள்."

அந்த அக்காவின் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். சொல்வதற்கு ஒரு வாய்தான் அவளுக்கு இல்லாமல் இருந்தது.

இடத்தின் பெயர் எனக்கும் தெரியாது என்றால் யாராவது நம்புவார்களா? மதியச் சோற்றின்போது, "என்னாங்க, நம்ம வீட்டு விலாசம் என்ன?" என்று கேட்டேன். அவர் போஸ்ட் பாக்ஸ் நம்பரைச் சொன்னார். அது கடையின் நம்பர். அதில் தபால் குடியிருக்கலாம், பெண்பிள்ளை குடியிருக்க முடியுமா? அவர் போனதும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, எதிரே மொட்டை மலை, கீழே தையற்கடை, பக்கத்தில் மஞ்சள் போர்டு வைத்த சலூன் என்று அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டு அந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். தங்கையின் குரலைக் கேட்டேன் என்றதும் அடையாளங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். எந்த மாடி என்று கேட்டாள். என் கணவர் பெயரைச் சொல்லி, அந்த வீட்டுக்கு மேல்மாடி என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை என் கணவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒல்லியான ஒரு பெண் வியர்த்துப்போய் நின்றாள். திறந்தேன்.

"நீங்களோ போன் எடுத்தது?" என்றாள். "மேலை வீடொண்டும் இல்லை. தண்ணித் தாங்கியும் டிஷ்ஷும்தான் கிடக்கு."

எனக்குக் காலடியில் தரை நழுவியது. நாங்கள் இருந்தது கடைசி மாடி. அதை நான் அறியவில்லை. மாலை இருட்டில் புர்காவுக்குள் தலை குனிந்து, அவர் செருப்பைப் பார்த்தபடி ஏறி வந்தவள் நான். அதன்பிறகு படியில் கால் வைக்கவில்லை. எங்கள் ஊரில் குரல் மதிலுக்கு மேலேயிருந்துதான் வரும். குரல் கீழேயிருந்தும் ஏறிவரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சமயம் பார்த்து என் அறிவு என்னைக் கைவிட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. பைத்தியமா, இல்லை தங்கையை வைத்து விளையாடுகிறாளா என்று அளந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக் குளியலறை ஜன்னலுக்குக் கூட்டிப் போனேன். அவள் எக்கி நின்று, "தங்கச்சி! தங்கச்சி!" என்று கூப்பிட்டாள். அந்த ஓசை சந்துக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பதில் இல்லை. எங்கோ ஒரு தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளி விடுமுறை, வீட்டுக்காரர்கள் இருக்கிற நாள் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. "இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சனிக்கிழமை காலை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பள்ளி வேன் போன பிறகு குரல் வந்தது. அழுதிருந்தாள்.

"அவள் கூப்பிட்டது கேட்டது, அக்கா. கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். மேடம் பக்கத்திலை. பைப்பை மூடிப்போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நிண்டு கேட்டன்."

எந்த மாடி, எந்தக் கதவு என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஜன்னலில் என்ன தெரிகிறது என்றேன். கண்ணாடிக்கு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்களாம். பிறகு அவளே வழி சொன்னாள். நாளைக்கு எல்லோரும் போனதும் கேமைப் போட்டு, ஒலியை முழுக்கக் கூட்டி வைப்பாள். நான் படியிறங்கி ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் பாட்டு கேட்கிறதோ, அது.

"நீங்கள் கண்டுபிடிப்பீங்கள், அக்கா. உங்களுக்குக் காது நல்லா வந்திட்டுது."

அன்று ஆடினோம். பூதம் மூச்சிழுத்தது, பாட்டு நின்றது. "இப்ப!" என்று கத்தினாள். குதித்தேன். கண்ணிலேயே வாள் இறங்கியது. பூதம் துண்டுதுண்டாகச் சிதறிக் காணாமல் போனது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கூவினேன். கீழேயிருந்து அவள் சிரித்தது கேட்டது. அவள் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் என் கணவர் கடைக்குப் போனதும் ஜன்னலைத் திறந்தேன். பாட்டு சந்து நிறைய வந்துகொண்டிருந்தது. வாக்குத் தவறவில்லை. புர்காவைப் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாளை நானே நீக்கி, தனியாகப் படியில் கால் வைத்தேன். ஒவ்வொரு கதவிலும் காதை வைத்தேன். ஒன்றில் மிக்ஸி, ஒன்றில் குழந்தை அழுகை. இறங்க இறங்கப் பாட்டு பெரிதானது. முதல் மாடிக் கோடியில், தேக்குநிறக் கதவு ஒன்றுக்குப் பின்னால் அது முழுச் சத்தத்தில் இருந்தது.

தட்டினேன். "புள்ள, நான்தான், வந்துட்டேன்" என்றேன். சிப்பாய் நடந்தான். வௌவால் இரண்டு செத்தன. இதோ வந்து கதவுக்குப் பின்னால் நிற்பாள் என்று காத்திருந்தேன். குழியில் விழுகிற சத்தம் கேட்டது. பாட்டு முதலிலிருந்து வந்தது. நடை, வௌவால் இரண்டு, குழி. மறுபடி பாட்டு. கதவில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

கீழே வாட்ச்மேன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். என் கணவர் பேசக் கேட்டுப் பழகிய அரைகுறை இந்தியில் கேட்டேன். "சப் லோக் சலா கயா. கலாஸ்" என்றான். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு முன்பே, பெரிய சாமான்களை விட்டுவிட்டுப் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்களாம். வேலைக்காரப் பெண்ணும் போனாளா என்று கேட்டதற்கு, கறுப்பு உடுத்தி யாரோ பின்சீட்டில் இருந்தார்கள் என்றான். கிளம்புகிற அவசரத்தில், அத்தனை கண்களுக்கும் தப்பி, அந்த டிவியை எப்படிப் போட்டாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன். போகிறோம் என்று தெரிந்த பிறகும் ஏன் போட்டாள் என்பதை யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது. இப்போதும் குளியலறை ஜன்னல் திறந்திருந்தால் எழுந்துபோய் மூடிவிட்டுத்தான் படுக்கிறேன்.

போன் எடுக்காதே என்று சொன்னவளுக்கே போன் பண்ணினேன். டியூட்டி உடுப்போடு டாக்ஸியில் வந்தாள். இருவரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். அவள் நெற்றியைக் கதவில் முட்டி, காதை ஒட்ட வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கேக்குதே, அக்கா! நடக்கிற சத்தம் கேக்குது. ஆரோ விளையாடினம். அப்ப உள்ளுக்கை நிக்கிறாள்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது அவள் தங்கை எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்தான்.

"உள்ளே யாரும் விளையாடல. அது தானா நடக்குது."

சிப்பாய் குழியில் விழுந்தான். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அவள் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை.