என் மகளின் கைகளை நான் கட்டினேன்

பிறந்து ஐந்து மாதமான என் மகளின் கைகளை இருபது இரவுகள் துணிக்குள் கட்டிவைத்தேன். கட்டக்கூடாது என்று சொல்லப்பட்ட பிறகு, தெரிந்தே, ஒளித்துக் கட்டினேன். அதனால் அவள் தூங்கியதை என் மனைவி கடவுளின் செயல் என்று நம்பினாள். நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்!

இதுதான் என் குற்றம். முதலிலேயே சொல்லிவிட்டேன்... இனி மேலே படிப்பது உங்கள் விருப்பம்.

எனக்கு ஊர் சித்தூர். பழைய மிஷன் சபையில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம்; தமிழ் எழுத வாசிக்க வந்தது வேதாகமத்தால். ஆகையால் என் எழுத்தில் கொஞ்சம் கோயில் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொழில், டிரைவர். சித்தூரிலிருந்து திருப்பதியில் உள்ள ஒரு கல்லூரிக்குத் தினமும் காலையில் போகும் பஸ் என்னுடையது. என்னுடையது என்றால் நான் ஓட்டுவது! முதலாளி வேறு.

ஜாய்ஸ் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவளை மெல்லிய துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிய, என் கையில் கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்படிச் சுற்றுவதை நானும் கற்றுக்கொண்டேன். பஸ்ஸுக்கு வருவதற்கு முன் லாரியில் கிளீனராய் இருந்து தார்ப்பாய் கட்டிய கை இது. என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மடித்து, முடிச்சே இல்லாமல் அவளைச் சுற்றிவிடுவேன். சுற்றிய இரண்டாவது நிமிஷம் தூங்கிவிடுவாள்.

"இன்னாங்க, எம் பொண்ண பார்சல் போடப் போறீங்களா?" என்று சுகந்தி சிரிப்பாள். சுகந்தி என் மனைவி. அதிகம் பேசாதவள். நாலு பேர் கூடின இடத்தில் தன் பெயரைச் சொல்லவே தயங்குவாள். வீட்டுக்குள் மட்டும் இப்படி ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்கவைப்பாள்.

ஐந்தாம் மாதம் ஜாய்ஸ் புரளத் தொடங்கினாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ உலகத்தில் யாருமே புரளாதது போல வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். அந்த வாரம் சளி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது, அதே நர்ஸம்மா அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாப்பா பொரள்றா இல்ல? இனிமே துணி சுத்தாதீங்க. சுத்தியிருக்கும்போது கவுந்துக்கினா கைய ஊனித் திரும்ப முடியாது, மூச்சு அடைக்கும். அர்த்தமாயிந்தா?"

அர்த்தமாயிற்று. நன்றாகவே அர்த்தமாயிற்று! நானும் தலையாட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமே இல்லை.

அன்றிரவு துணியில்லாமல் படுக்கவைத்தோம். அரைமணிக்கொரு தரம் தூக்கத்தில் கைகள் தூக்கிப்போடும், அவளே தன் முகத்தில் அடித்துக்கொள்வாள், வீறிட்டு அழுவாள். தூக்கினால் நிற்கும், கீழே விட்டால் ஆரம்பிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... மூன்று வாரம். சுகந்தி உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். எனக்கோ காலை நாலரைக்கு எழுந்தால்தான் பஸ் நேரத்துக்குக் கிளம்பும்.

ஒரு புதன்கிழமை காலை, புத்தலப்பட்டு தாண்டிய வளைவில் என் கண் மூடியிருக்கிறது. "அன்னா! லாரி, லாரி!" என்று முன்சீட்டுப் பெண் தெலுங்கில் கத்தின சத்தத்தில்தான் விழித்தேன். ஸ்டீயரிங்கை ஒடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நாற்பது பிள்ளைகள்... நாற்பது வீட்டுப் பிள்ளைகள்! கல்லூரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, காலியான சீட்டுகளைக் கண்ணாடியில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே புதன் சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம். சுகந்தி குழந்தையோடு போயிருந்தாள். விண்ணப்பம் ஏதாவது உண்டா என்று போதகர் கேட்டபோது, வாய் திறக்காத என் சுகந்தி, "எம் பாப்பா தூங்கணும், எங்க வீட்டுக்காரரு தூங்கணும், அவரு வண்டி ஓட்றாரு" என்று சொன்னாளாம். எல்லோரும் எங்களுக்காக ஜெபித்தார்களாம்.

வளைவில் நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. "நீ கட்டில்ல நல்லா படுத்துத் தூங்கு. நான் பாப்பாவோட கீழ படுத்துக்கறேன். பால் கேட்டா எழுப்பறேன்" என்றேன். நல்ல புருஷன் என்று அவள் நினைத்திருப்பாள்! விளக்கை அணைத்தேன். அவளுடைய மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த வேட்டித் துணியை எடுத்து, என் மகளைச் சுற்றினேன்.

தூங்கினாள். நாலு மணிவரை அசையவில்லை. நானும் தூங்கினேன்... எவ்வளவு சுகமான தூக்கம் அது! சுகந்தி எழுவதற்கு முன் துணியைப் பிரித்து ஒளித்துவைத்தேன்.

"இன்னாங்க, பாப்பா ராத்திரி அழவே இல்ல!" என்றாள் காலையில். அவள் கண் கலங்கியிருந்தது. "நேத்துதான் ஜெபம் பண்ணாங்க..."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு வண்டிக்குப் போனேன்.

பத்து இரவு தாண்டியது. அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எங்கள் சபையில், நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று எல்லோர் முன்பாகவும் அதைச் சொல்வது வழக்கம். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். பார்த்தால், சுகந்தி!

"எம் பாப்பா மூணு வாரமா தூங்காம அழுதுக்கினே இருந்தா. சபை ஜெபம் பண்ணீங்க. அன்னிக்கு ராத்திரியே தூங்கனா. இன்னி வரிக்கும் தூங்கறா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." குரல் நடுங்கிற்று, ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. நானும் சொன்னேன்... என் வாயும் அதைச் சொல்லிற்று!

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தன்னால் எழுந்து நிற்க முடிந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம். அவ்வளவு சந்தோஷமாய் அவளை நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? நீங்களானால் சொல்லியிருப்பீர்களா?

அதற்குப் பிறகு என் தூக்கத்துக்காக மட்டும் நான் கட்டவில்லை. குழந்தை மறுபடி அழுதால் சுகந்தியின் சாட்சி பொய்யாகிவிடுமே என்று கட்டினேன். பொய்யை மெய்யாக்குவதற்குக் கட்டினேன்!

இருபதாம் இரவு. அலாரம் அடிப்பதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. கையை நீட்டித் தொட்டேன். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் முதுகு இருந்தது.

கவிழ்ந்து கிடந்தாள். கைகள் துணிக்குள். முகம் மெத்தைக்குள்.

புரட்டினேன். எப்படிப் புரட்டினேன் என்று நினைவில்லை. மூக்கு நசுங்கிச் சிவந்திருந்தது. கன்னத்தில் மெத்தைத் துணியின் வரிகள் பதிந்திருந்தன. மூச்சு இருக்கிறதா, இல்லையா... ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணம் இன்னும் முடியவில்லை. பிறகு ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

சிரித்தாள்!

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டியவனைப் பார்த்து, அப்பன் வந்துவிட்டான் என்று சிரித்தாள். துணியைப் பிரித்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் சுகந்தி நிம்மதியாய்த் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தத் துணியைப் பஸ்ஸுக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி துடைக்கப் போட்டேன். அதன்பின் ஒருபோதும் சுற்றவில்லை.

மறுநாள் இரவே அழுகை திரும்பியது. சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நான் பெருமையா எழுந்து நின்னு சொல்லிட்டேன் இல்ல... அதான் ஆண்டவரு திரும்ப எடுத்துக்கினாரு."

கேட்டீர்களா? நான் செய்த பாவத்துக்கு அவள் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டாள். சொல்லிவிட வாயெடுத்தேன். "அப்டிலாம் ஒண்ணும் இல்ல, தூங்கு" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது... கோழை!

வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கத் தொடங்கினாள். பால் கொடுக்கும் தாய்! "டாக்டர் உன்ன நல்லா துன்னச் சொல்லிக்கிறாரு" என்று இன்னொரு பொய் சொல்லி அதை நிறுத்தினேன். நான் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டிரைவர்களுக்கு வேலை பிரிக்கும் மேஸ்திரியிடம் போய், ஒரு மாதம் மத்தியான டிரிப் கேட்டேன். குழந்தை தூங்கவில்லை என்று டூட்டி மாற்றச் சொன்னால் மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்களே என்று கூசித்தான் அத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். அவரோ தலை நிமிராமல், "அதுக்கென்னபா, மாத்திக்கோ. எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது" என்றார். அவ்வளவு சுலபம்! அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் என் பிள்ளையின் உயிரோடு விளையாடியிருக்கிறேன்.

அந்த ஒரு மாத இரவுகள் மாத்திரம் என் வாழ்வில் நான் வெட்கப்படாதவை. ஏழு மணிக்கு வெந்நீரில் குளிப்பாட்டுவோம். பாலூட்டி, விளக்கைக் குறைத்து, முழுத் தூக்கத்துக்கு முன்பே மல்லாக்கப் படுக்கவைப்போம். கை தூக்கிப்போடும்போது என் உள்ளங்கையை அவள் மார்பின்மேல் சும்மா வைத்திருப்பேன். எனக்குப் பாட்டு வராது. இரண்டாவது கியரில் மேடேறும் பஸ்ஸைப் போல் "ம்ம்ம்ம்" என்று இழுப்பேன்.

"மேடு எப்பங்க முடியும்?" என்று கட்டிலிலிருந்து சுகந்தி கேட்பாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். முதலில் அரைமணிக்கொரு தரம், பிறகு இரண்டு மணிக்கொரு தரம், பிறகு ஒரே ஒரு தரம்... கைகளை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்க அவளாகக் கற்றுக்கொண்டாள்.

முதல்முறையாய் விடியும்வரை தூங்கின அன்று, சுகந்தி ஐந்து மணிக்கே எழுந்து குழந்தையின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். மூச்சு வருவதைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது. உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நாலு வருஷம் ஆகிறது. சுகந்தி அதன்பின் சபையில் எழுந்து நிற்கவே இல்லை. நன்மை எது வந்தாலும் மூடி வைத்துக்கொள்கிறாள். வெளியே சொன்னால் பறிபோய்விடும் என்று பயம். ஜாய்ஸ் நடந்தபோதும் சொல்லவில்லை, பேசினபோதும் சொல்லவில்லை. அவள் வாயைக் கட்டியதும் நான்தான்.

சொல்லிவிடலாமே என்கிறீர்கள். சொன்னால் அந்தப் பயம் போகும்; உண்மை. ஆனால் அந்த இருபதாம் இரவையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அதற்குப் பிறகு என் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைப்பாளா? இப்படி என்னையே கேட்டுக்கொண்டு நாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன். அவளுக்காக மறைக்கிறேன் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொள்வேன். இல்லை... எனக்காகத்தான்.

போன ஞாயிறு ஜாய்ஸுக்குப் பிறந்தநாள். மூவரும் சபையின் முன்னால் போய் நின்றோம். போதகர் சிரித்தமுகமாய், "அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். சுகந்தியின் முகம் வெளுத்துவிட்டது. என் சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள். நான் முந்திக்கொண்டு இரண்டு வரி நன்றி சொல்லி முடித்தேன்.

இடத்தில் வந்து உட்கார்ந்ததும் ஜாய்ஸ் என் காதருகே கேட்டாள்: "நைனா, அம்மா ஏன் பேசல?"

"அம்மாக்குக் கூச்சம்டா" என்றேன்.

பக்கத்துப் பெண்கள் வரிசையின் ஓரத்தில் இருந்த சுகந்திக்கு அது கேட்டிருக்க வேண்டும். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினேன் என்று, கண்கள் நிறைய நன்றியோடு என்னைப் பார்த்தாள்.