கள்ள உறக்கம்

எங்கள் வீட்டில் உறங்க வைக்கவே முடியாத ஆள் நான்தான் என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இது எவ்வளவு பெரிய அநியாயம்! பாயில் விழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பவள் நான். ஆனால் அவர் சொன்னது அந்த உறக்கத்தை அல்ல, மெஸ்மரிச உறக்கத்தை.

மாமா அம்மாவின் தம்பி. தக்கலையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். திருவிதாங்கூர் சமஸ்தானம் போய், திரு-கொச்சி வந்து, நாங்கள் தமிழ்நாட்டோடு சேர இன்னும் நாலைந்து வருஷம் இருந்த காலம் அது. மதராஸிலிருந்து தபாலில் பன்னிரண்டு பாடங்கள் வரவழைத்து அவர் மெஸ்மரிசம் படித்தார். கடைசிப் பாடத்தோடு ஒரு சர்ட்டிபிகேட்டும் வந்தது. அவர் வீட்டுக் கூரை ஒழுகும் என்று, கண்ணாடி போட்டு எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அம்மா தினமும் அதற்கும் சேர்த்துப் பத்தி காட்டினாள்.

அவருடைய ஆயுதம் அப்பாவின் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி. அதைப் புளி போட்டுத் துலக்கி, எதிரே இருப்பவரின் கண்ணுக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடிப்பார். அண்ணாந்து அதையே பார்க்க வேண்டும். கண் தானாகவே வலிக்கும், கனக்கும். கனக்கிற நேரம் பார்த்து, "கண்ணு கனக்கு மக்கா, கனக்கட்டும்" என்று தாலாட்டுகிற குரலில் சொல்வார். சொன்னது நடக்கிறதே என்று மனசு அவரை நம்பிவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் நடக்கும். இப்படித்தான் எங்கள் ஏர்க்காரர் ஒருவருக்கு மூன்று நாள் நிற்காத விக்கல் நின்றது. அப்பாவின் அக்காவான எங்கள் அத்தைக்குப் பதினைந்து வருஷத்து ஒற்றைத் தலைவலி போனது. அத்தை அதன்பிறகு மாமாவை வைத்தியநாத சுவாமிக்கு ஒரு படி கீழே வைத்துக் கும்பிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நகம் கடிப்பேன். அதை நிறுத்த என்னையும் உட்கார வைத்தார். நான் ஒழுங்காக டப்பியையே பார்த்தேன். ரொம்ப நேரம் ஆகியும் ஒன்றும் கனக்கவில்லை. பாவமே என்று, "மாமா, ஒங்களுக்குக் கை வலிக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமா டப்பியைக் கீழே வைத்துவிட்டு, "இவளுக்கு மனசு அடங்காது" என்று தீர்ப்பு சொன்னார். அன்றிலிருந்து நான் பால் குடிக்க மறுத்தாலும் மனசு அடங்காதவள், பாவாடையைக் கிழித்துக்கொண்டாலும் மனசு அடங்காதவள். கரிசனமாகக் கேட்ட ஒரு கேள்விக்கு இந்தப் பட்டம். அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த வருஷம்தான் அக்கா பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஃபாரம் முடித்தாள். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, நாகர்கோவிலில் டீச்சர் ட்ரெயினிங்குக்குச் சேர ஒரு விண்ணப்பத்தாளைக் கொடுத்தனுப்பினார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா அதை வாங்கிப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். ஆவணியில் அவளை அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாக அதற்கு முன்பே பேசியாகிவிட்டது. அத்தான் கெட்டவர் இல்லை. வயலும் தோப்பும் உள்ளவர். அக்காவுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

வேண்டாம் என்று எங்கள் வீட்டில் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? அக்கா பேசாமல் இருந்தாள், சம்மதம் என்றார்கள். அழுதாள், வீட்டை விட்டுப் போகிற ஏக்கம் என்றார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், கண் பட்டிருக்கிறது என்று அம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். இதைவிட ஒரு பெண் என்னதான் செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது வரவில்லை. மிளகாய் நெடியில் எல்லோருடனும் சேர்ந்து நானும் இருமிக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். பெண்ணை உறங்க வைத்து, கல்யாணத்தில் மனசு பதிகிற மாதிரி சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது. மாமா தயங்கி, அத்தையிடம் சொன்னார்.

"பிடிக்காதத உள்ள ஏத்த முடியாது அக்கா. உள்ள கெடக்கதத்தான் வெளிய எடுக்கலாம்."

"உள்ள என்ன கெடக்கப் போகு? வெக்கம்தான். அத எடும்" என்றாள் அத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அக்காவை அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் இன்னும் திறந்துவிடாத வைகாசி. வீட்டுக்குள் அனல். அப்பா, அம்மா, அத்தை மூவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மனசு அடங்காதவள் என்பதால் என்னைத் தூரப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா டப்பியைத் தூக்கினார். கண் கனக்கிறது என்றார், கை கனக்கிறது என்றார், ஒன்று முதல் இருபது வரை பையப் பைய எண்ணினார். பன்னிரண்டிலேயே அக்காவின் இமை விழுந்துவிட்டது. அவள் கையைத் தூக்கி விட்டார். ஈரத்துணி மாதிரி மடியில் விழுந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேளும்" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

மாமா அதைக் கேட்கவில்லை. "மக்கா, ஒனக்கு என்ன வேணும்? பயப்படாம சொல்லு" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். ஒரு மாதமாக நாங்கள் யாரும் கேட்காத குரல். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நான் டீச்சருக்குப் படிக்கணும். அப்பா அந்தக் கடலாசுல கையெழுத்துப் போடணும்."

அத்தையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இந்த உறக்கம் பொய் என்று சொன்னால் அவள் தலைவலி போனதும் பொய்யாகிவிடும். கடைசியில், "உறக்கத்துல வாறது உள்ளது தானே" என்று அவளே முனகினாள். உறங்குகிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று அப்பாவும் நம்பினார். பஞ்சாங்கத்தை எடுத்து, அதன் அடியிலிருந்த தாளை உருவினார். "பேனா எங்கவே?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா தன் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து, மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. அக்காவுக்குப் பயம் வந்தால் இடது காலின் பெருவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி ஏறி இறங்கும். பரீட்சை முடிவு வந்த அன்றைக்குக்கூட ஆடியது. இப்போது என் மூக்குக்கு நேராக அது ஆடிக்கொண்டிருந்தது. உறங்குகிறவளுக்கு விரல் ஆடுமா? எனக்கு ரத்தம் கொதித்தது. உண்மையாக உட்கார்ந்து, உண்மையாகப் பார்த்து, உறக்கம் வரவில்லை என்று உண்மையைச் சொன்னவள் நான். எனக்கு மனசு அடங்காத பட்டம். பொய்யாகக் கண்ணை மூடியவளுக்குக் கையெழுத்தா?

அந்த நேரத்தில் மாமாவின் தோளிலிருந்து நேரியல் துண்டு நழுவி அக்காவின் காலை மூடியது. அவர் அதை எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம். தன் வித்தை பலிக்கவில்லை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று மறைக்கிறார், பாருங்கள்!

"அக்கா கள்ள உறக்கம் உறங்குகா! வெரலப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே நேரியலைப் பிடித்து இழுத்தேன்.

எல்லோரும் பார்த்தார்கள். விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உறங்குகிறவரை எழுப்பலாம், உறங்குகிற மாதிரி பாசாங்கு செய்கிறவரை எழுப்ப முடியாது என்பார்கள். நான் எழுப்பிவிட்டேன். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"முழிச்சிருந்துக்கிட்டா இந்தப் பேச்சு பேசுனா?" என்றார் அப்பா. அதே வார்த்தைகள்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது அவள் உள்மனசு. கண்ணைத் திறந்ததும் திமிர். இதில் என்ன நியாயம் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "இந்த உறக்கத்துல காது கேக்கும் அத்தான், காலும் ஆடும், பாடத்துலயே இருக்கு" என்று மாமா அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை. அப்பா பேனாவை மூடினார். அத்தை எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளி, "பிள்ளைக்கு என்னா கூர்மை!" என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தை எனக்குப் பச்சை சாட்டின் பாவாடை எடுத்துத் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, பொய்யைக் கண்டுபிடித்த கதையைப் பந்தலில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமா சர்ட்டிபிகேட்டைக் கழற்றிக்கொண்டு போனார். பிறகு அவர் அந்த டப்பியைத் தொடவேயில்லை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அந்த ட்ரெயினிங்குக்குப் பத்து வருஷம் கழித்து நான் போனேன். அத்தானிடம் சொல்லி, அப்பாவிடம் பேச வைத்து அனுப்பியவள் அக்கா. அங்கே மனசைப் பற்றிய ஒரு பாடத்தில் மாமா சொன்னது அப்படியே இருந்தது: அது உறக்கமே இல்லை, காது கேட்கும், விரல் ஆடும், கட்டிப்போட்ட நாக்கு மட்டும் அவிழும். ஒரு லீவு நாளில் அக்காவிடம் கேட்டே விட்டேன், அன்றைக்கு நிஜமாகவே உறங்கினாயா என்று. அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "எனக்கே தெரியாதுட்டி. டப்பியப் பாத்தேன், வாய் தொறந்துச்சு" என்றாள். சிரித்தாள். கால் விரலை நான் பார்க்கவில்லை.

ஆனால் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்துவதற்கு முன்பே அவர் அந்த விரலைக் கண்டிருக்கிறார். வைகாசி வெயிலில், ஓலை விசிறி கையை விட்டு இறங்காத அந்த மத்தியானத்தில், ஒருத்தியின் காலுக்கு அவர் எதற்கு நேரியலைப் போர்த்தினார் என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இழுத்துவிட்டேன்.