மெயின் சுவிட்ச் தம்பி பங்கில்

ஹார்ட் டிஸ்க் வைத்தியம் என்பது பாதி கைவேலை, பாதி வீட்டுக்கதை கேட்கிற வேலை. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ‘டிஸ்க் இல்லை’ என்று இங்கிலீஷில் ஒரு வரி வருமே, அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி ஓடி வந்த எல்லாருமே எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் காரைக்குடியில் ரேடியோ பிரித்துக்கொண்டிருந்த ஆள். தொண்ணூறுகளில் ஊருக்குள் கம்ப்யூட்டர் வந்தது, நானும் அங்குட்டுத் தாவிவிட்டேன். எத்தனையோ வீடு ஏறி இறங்கியிருக்கிறேன். இன்றைக்கும் சிரிப்பு வருவது கோட்டையூர் மெய்யப்ப அண்ணன் வீட்டை நினைத்தால்தான்.

அண்ணன் கல்யாணம் பேசி முடித்துவைக்கிறவர். எந்தக் கோயில் பங்காளி வீட்டுப் பிள்ளை, என்ன நட்சத்திரம், எங்கே வேலை என்று அந்த வட்டாரத்து ஜாதகம் பூராவும் அவருடைய கம்ப்யூட்டருக்குள்தான் கிடந்தது.

டிஸ்குக்குச் சந்தனம்

ஆயுத பூசைக்கு மறுநாள் ஆள் வந்தது, டிஸ்க்கைக் காணோமாம். போய் மூடியைக் கழற்றினால் உள்ளே டிஸ்க் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. மேலே அப்பின சந்தனம், நடுவில் குங்குமம், ஓரத்தில் ஒரு செவ்வந்தி.

அந்தக் காலத்துப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் பெட்டிக்குத் தன் டிஸ்க் எப்படிப்பட்டது என்பதே மறந்துவிடும். தலை எத்தனை, வட்டம் எத்தனை என்று நாம்தான் மறுபடி சொல்லித்தரணும். அந்தக் கணக்கெல்லாம் டிஸ்க் மேல் ஒட்டின சீட்டில் இருக்கும். பேட்டரி தீர்ந்திருந்தது. சீட்டில் சந்தனம். துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது. தப்பிப் பிழைத்த மாடல் பேரை மட்டும் மதுரைக் கடைக்குப் போனில் வாசித்துக் காட்டி, கணக்கை வாங்கிப் போட்டேன். டிஸ்க் கண் முழித்தது.

“ஆச்சி, பொட்டை வெளியே வைக்கக் கூடாதா?” என்றேன் அண்ணன் மனைவி உமையாள் ஆச்சியிடம். நாலு திருகாணியையும் கழற்றிப் பூசை பண்ணினது அவுகதான். ஆச்சிக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

“வெளிய வச்சா பாக்குறவுகளுக்கு. உள்ள வச்சாத்தானப்பா பெட்டிக்கு!”

மத்தியான நோவு

பிறகு பழைய மதர்போர்டை எடுத்துவிட்டுப் பென்டியம் போட்டோம். அதற்கு ஒரு புது நோவு வந்தது. காலையில் நன்றாக இருக்கும். சாயந்தரம் போட்டால் நாலு ஜாதகம் உடைந்து கிடக்கும், சில நாள் டிஸ்க்கே தெரியாது. கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். என் மானம்தான் போனது.

சரி, நோவு வருகிற நேரத்தில் பக்கத்திலேயே இருப்போம் என்று ஒருநாள் மத்தியானம் அங்கேயே சாப்பிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் உறங்கப் போய்விட்டார். பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஃபேன் நின்றது, திரை அணைந்தது. கரண்டு போய்விட்டது என்று பார்த்தால் எதிர்வீட்டு ரேடியோ பாடுகிறது! எழுந்து வீட்டின் முன்கட்டுக்குப் போனேன். அங்கே ஒருவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுடைய தம்பி வைரவன். “பழைய ஒயருப்பா, அணைச்சுப்புட்டுத்தான் படுக்குறது” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

வீட்டைப் பங்கு பிரித்தபோது முன்கட்டு தம்பிக்கு, பின்கட்டு அண்ணனுக்கு. மெயின் சுவிட்ச் முன்கட்டில். அவர்களைப் பெற்ற அப்பச்சி படுத்திருந்த கட்டில் யாருக்கு என்பதில் பேச்சு முற்றி, அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் ஆள் படுக்காத கட்டில் இன்னும் எத்தனையோ கிடந்தது, அது வேறு. ஆச்சியிடம் வந்து விஷயத்தைச் சொன்னேன். அவுகளுக்கு முன்னமே தெரியும்போல.

“வேணும்னு அணைக்கிறாகளா, வெவரம் தெரியாம அணைக்கிறாகளான்னு கேட்டாத்தானப்பா தெரியும்? கேக்குறதுக்குத்தான் இந்த வீட்டுல வாய் இல்லையே!”

படி தாண்டாத பெட்டி

சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியை அணைக்கச் சொல்லிக் கொஞ்ச காலம் ஓட்டினோம். ஆனால் பட்ட அடி பட்டதுதானே? மார்கழியில் டிஸ்க் ‘டக், டக்’ என்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. தை பிறந்தால் ஊரெல்லாம் கல்யாணப் பேச்சு. அதற்குள் டிஸ்க் செத்துப்போனால் அத்தனை ஜாதகமும் போச்சு, அண்ணன் பேரும் போச்சு. மதுரையில் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இவ்வளவு பெரிய டிஸ்க் உலகத்தில் உண்டு என்பதே அந்த போர்டுக்குத் தெரியாது.

அதற்கு மருந்து ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. போர்டின் புத்தியைப் பதிந்து வைத்திருக்கிற பயாஸை அழித்துப் புதுசாக எழுதணும். எழுதுகிற இரண்டு நிமிசத்தில் கரண்டு போனால் போர்டு செத்த பிணம். யுபிஎஸ் வாங்கலாம் என்றேன். “பெட்டிக்கு ஒரு பெட்டியா?” என்றார் அண்ணன். என் கடைக்குத் தூக்கிப்போய் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன். “ஊராவூட்டுப் பிள்ளைக ஜாதகம், நம்ம படி தாண்டக் கூடாது” என்றார். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொண்டுபோவேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. அப்படியென்றால் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது.

“என் வீட்டு வெளிச்சத்துக்கு நான் அவன்ட்டப் போயி நிக்கிறதா?”

இரண்டு நிமிசம்

மறுநாள் காலையில் நானே முன்கட்டுக்குத் தூது போனேன். “பெட்டி யாரோடது? அவுகளுக்கு வாய் இல்லையா?” என்றார் தம்பி. திரும்பி வந்து சொன்னேன். பழைய டிஸ்க் மட்டும் ‘டக், டக்’ என்றது. அதைக் கேட்ட அண்ணன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முன்கட்டில் போய் நின்று, தூணைப் பார்த்தமாதிரி, “டேய், பெட்டிக்கு ரெண்டு நிமிசம் கரண்டு நிக்கக் கூடாதாம்” என்றார். தம்பி எழுந்து நின்றார். “நிக்காதுண்ணே” என்றார். அவ்வளவுதான்.

ஃப்ளாப்பியைப் போட்டேன். திரையில் கோடு ஊர்கிறது. ஆச்சி திருநீற்றுக் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். கோடு முடிந்தது. பெட்டியை மறுபடி போட்டேன். புது டிஸ்க்கின் பேர் பளிச்சென்று வந்தது! பழையதிலிருந்து ஒவ்வொன்றாக இங்குட்டு மாற்றினோம், ஒரு ஜாதகம் குறையவில்லை. பணியாரம் வந்தது, காபி வந்தது, அண்ணன் பழைய கல்யாணக் கதையெல்லாம் சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி சம்சாரம் நிலைப்படியில் வந்து நின்றது. அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருசம். “உண்ணவும் வரமாட்டேங்கிறாக, உறங்கவும் வரமாட்டேங்கிறாக. சுவிட்சுக்கிட்டயே நிக்கிறாக. யாராச்சும் வந்து சொல்லுங்களேன்” என்றது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அண்ணன் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். மெயின் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு, குடையைத் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு, காவல்காரன் கணக்காக நிற்கிறார் தம்பி. “அது அப்பவே முடிஞ்சு போச்சேடா! இன்னும் ஏன்டா நிக்கிறே?” என்று அவர் கையைப் பிடித்தார் அண்ணன்.

“கரண்டு நிக்கக் கூடாதுன்னீக, அதான் நான் நின்னேன். போகச் சொன்னீகளா?”

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், மெயின் சுவிட்ச் யார் பங்கில் இருக்கிறது, அவரோடு பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நான் திருப்புளியையே கையில் எடுத்தது.