காலிக் குடமும் ஒரு காலனிச் சின்னமும்

போன மாதம் எங்கள் காலனிக்கு ஒரு சின்னம் கிடைத்தது. சிரிக்காதீர்கள். சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று இருக்கும்போது, பம்பாய்ச் செம்பூரில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் குமாஸ்தாக்களுக்கு ஒன்று இருக்கக் கூடாதா என்ன?

ஆசை கிளம்பிய இடம் மாதுங்கா. எங்கள் சங்கத் தலைவர் வைத்தியநாதன் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஏதோ ஆபீசில் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். உத்தியோகம் போய்விட்டது, அதிகாரம் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேட்டைச் சங்கத்தின் போர்டைப் பார்த்திருக்கிறார். ஒரு குத்துவிளக்கு, அதைச் சுற்றி ஒரு வட்டம், கீழே ஒரு சமஸ்கிருத வரி. அவ்வளவுதான். மனிதருக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை.

மறுநாளே கமிட்டி கூடியது. நானும் ஒரு மெம்பர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதற்காக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யோசனை கேட்பதற்காக அல்ல. பாலக்காட்டுக்காரர் யானை என்றார். தஞ்சாவூர்க்காரர் வீணை என்றார். இன்னொருவர் அணு என்றார் — பக்கத்தில் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நடக்கிறதாம். அணுவை எப்படி வரைவது என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

வைத்தியநாதன் எல்லோரையும் பேசவிட்டார். பிறகு, வீட்டிலிருந்தே முடிவு செய்து கொண்டுவந்ததை வெளியே எடுத்தார்.

"செம்பூர்னா என்ன ஓய்? செம்பு, ஊர். தாமிரத்துக்குப் பேர்போன இடமா இருந்திருக்கணும். அதனாலே பூர்ணகும்பம். வேறெதுவும் சரிப்படாது."

செம்பு என்றால் தாமிரம். செம்பு என்றால் பாத்திரமும்தான். பாத்திரம் கொஞ்சம் பெருத்தால் குடம்... என்ன ஒரு தாவல்! மராட்டியர் ஊருக்குத் தமிழில் பேர் வைத்தது யார் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் நம்மவர்கள் எங்கேதான் போகவில்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது?

ஆக, குடம் வந்தது. வாயில் மாவிலை, மேலே தேங்காய், கீழே 'அனைவரும் வருக'. அதற்கு ஒரு பக்க விளக்கம் வேறு எழுதினார். குடம் வளத்தைக் குறிக்கிறது, தண்ணீர் கருணையைக் குறிக்கிறது, மாவிலை ஒற்றுமையைக் குறிக்கிறது. தேங்காய் எதைக் குறிக்கிறது என்பதில் கமிட்டிக்குள் இரண்டு கட்சி. கடைசி வரை ஒற்றுமை வரவில்லை.

சின்னம் என்றால் அதை மாட்ட ஒரு வளைவு வேண்டும். வளைவு என்றால் கேட் வேண்டும். கேட் வந்த பிறகு பூட்டு வாங்காமல் இருப்பார்களா?

பூட்டினார்கள். எங்களுக்கு வீட்டுக்கு ஒரு சாவி.

காலனிக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு குழாய் இருக்கிறது. காலனிக்குப் பின்னால், தேவ்நார் போகிற பக்கம், குடிசைகள். முக்கால்வாசி திருநெல்வேலி ஜனங்கள். காலையில் எங்கள் வீடுகள் பிடித்து முடித்த பிறகு அந்தப் பெண்கள் வந்து மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வருஷக்கணக்காக நடந்த வழக்கம். பூட்டு வந்த அன்றே அது நின்றது. சின்னத்துக்குக் கீழே ஈரமும் சேறுமாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம்!

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற இசக்கியம்மாள் அந்தக் குடிசைகளில்தான் இருக்கிறாள். சில நாளாக ஆளைக் காணோம். என் மனைவி சரஸ்வதி தேடிக்கொண்டு போனாள். இசக்கியம்மாளின் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூடமாட உதவ வேறு ஆள் இல்லை. இவளோ விடிந்ததிலிருந்து மெயின் ரோட்டைத் தாண்டி, எங்கேயோ ஒரு குழாயடியில் வரிசையில் நிற்கிறாள். அங்கே ஏற்கனவே தண்ணீருக்கு அடிதடி. புதிதாக வருகிறவர்களைப் பிடித்துக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

"எம்மா, ஒரு கொடம் கெடைக்க உச்சிப்பொழுது ஆயிருது. புள்ளத் துணிய அலசக்கூடத் தண்ணி இல்ல. நான் எங்க இருந்து வேலைக்கு வர?" என்றாளாம்.

சரஸ்வதி வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, நீங்களும் அந்தக் கமிட்டியில்தானே இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வைத்தியநாதன் வீட்டுக்கு நடந்தேன்.

குடத்துக்குத் தங்கக் கலர் அடிப்பதா, தாமிரக் கலர் அடிப்பதா என்ற யோசனையில் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். குழந்தை பிறந்ததற்குச் சந்தோஷப்பட்டார். விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அத்தோடு விட்டாரா? விளக்கத்தில் 'கருணை' என்பதை எடுத்துவிட்டு 'ஜீவகாருண்யம்' என்று போட்டால் எடுப்பாக இருக்குமா என்று என்னையே கேட்டார். எனக்கு வாயில் வந்த வார்த்தையை இந்தப் பத்தியில் எழுத முடியாது. அங்கேயும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

விழாவுக்குத் தலைமை விருந்தினர், நகரசபை உறுப்பினர் ஒருவர். மராட்டியர், இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வருகிறார் என்ற செய்தி குடிசைப் பக்கமும் போய்ச் சேர்ந்திருந்தது. முதல்நாள் இசக்கியம்மாள் சரஸ்வதியிடம் சொல்லியிருக்கிறாள்: "பெரிய ஆளு வாராராம்லா. கேட்டுப் பாக்கோம். இல்லன்னு சொல்லுவாரு, வேற என்ன செஞ்சிருவாரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை. பூட்டிய கேட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும் வரிசையாக அந்தப் பெண்கள். பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறோம் என்று பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்தியிருந்தார்கள். இடுப்பில் பித்தளைக் குடங்கள். ஊர்ப் பாத்திரமெல்லாம் தேய்க்கிற கைகள் அல்லவா? வெயிலில் கண் கூசியது. வைத்தியநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு விரட்டச் சொல்வதற்குள் கார் வந்து நின்றுவிட்டது.

விருந்தினர் இறங்கினார். கயிற்றைக் கொடுத்தார்கள், இழுத்தார். திரை விலகியது. மேலே ஒரு குடம். கீழே பார்த்தார் — இரண்டு பக்கமும் குடங்கள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வரவேற்புக்காக நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்!

ஒவ்வொருத்திக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தவர், இசக்கியம்மாளின் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. நல்ல காரியத்துக்குக் காலிக் குடமா என்று வைத்தியநாதனைக் கேட்டார். தமிழனும் மராட்டியனும் ஒத்துப்போகிற விஷயங்கள் இந்த நகரத்தில் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றன. காலிக் குடம் அபசகுனம் என்பதில் மட்டும் இன்னும் தகராறு இல்லை.

வைத்தியநாதன் வாயைத் திறப்பதற்குள் இசக்கியம்மாள் தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் பதில் சொன்னாள்.

"பானி நஹி ஹை, சாப். நல் அந்தர் ஹை. கேட் பந்த் ஹை."

தண்ணீர் இல்லை, குழாய் உள்ளே இருக்கிறது, கேட் பூட்டியிருக்கிறது. அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. மகளைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ பேச்செடுக்கவில்லை.

விருந்தினர் விஷயத்தைப் புரிந்துகொண்டாரா, இல்லை சகுனத்துக்குத்தான் பயந்தாரா? எனக்கு இன்று வரை தெரியாது. வெள்ளித் தட்டில் நீட்டிய சாவியை எடுத்து, தானே கேட்டைத் திறந்தார். முதலில் இவர்கள் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வரட்டும், நிறைகுடத்தைப் பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைப்பேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். அவர் நின்றால் கமிட்டி உட்கார முடியுமா? எல்லோரும் வெயிலில் நின்றோம், கடைசிக் குடம் நிரம்புகிற வரைக்கும். சரஸ்வதி பட்டுப்புடவையோடு போய்க் குழாயடியில் நின்று குடங்களைத் தூக்கி விட்டாள்.

இசக்கியம்மாள் நிறைகுடத்தோடு வெளியே வந்தாள். விருந்தினர் கும்பிட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் குடிசைப் பக்கம் நடந்தாள். அவளுக்கு வீட்டில் வேலை இருந்தது.

அப்புறம் பேச்சுகள். வைத்தியநாதன் தாமிர வரலாற்றை இங்கிலீஷில் விளக்கினார். விருந்தினர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் சின்ன வயதில் கேள்விப்பட்டது வேறு என்றார். இந்தப் பக்கத்துக் கழிமுகச் சேற்றில் பெரிய பெரிய நண்டு பிடிப்பார்களாம். மராட்டியில் அதற்குச் 'சிம்போரி' என்று பேராம். அதிலிருந்துதான் ஊர்ப் பேரே வந்தது என்று அவர் வீட்டில் சொல்வார்களாம்.

பந்தலில் இருந்ததோ வெங்காயத்தையே யோசித்துச் சேர்க்கிற குடும்பங்கள்... வளைவின் உச்சியில் ஒரு நண்டு! என் பக்கத்தில் இருந்த பாலக்காட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக விருந்தினர் எங்களைப் பாராட்டினார். குடத்தைச் சின்னமாக வைத்து, அக்கம்பக்கத்து ஜனங்களுக்குத் தண்ணீரும் கொடுக்கிற ஒரு காலனியைத் தான் பார்த்ததில்லையாம். போகிற இடமெல்லாம் சொல்வேன் என்றார். ஒரே கைதட்டல். போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் பூட்டுவது எப்படி? மறுநாள் காலை கேட் திறந்திருந்தது. இன்றும் திறந்திருக்கிறது. இசக்கியம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். பேரன் நன்றாக இருக்கிறான்.

நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

போன ஞாயிறு வைத்தியநாதனின் சம்பந்தி மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். வளைவுக்குக் கீழே அவரை நிறுத்தி, குழாயடியில் நின்ற பெண்களைக் காட்டி வைத்தியநாதன் பேசிக்கொண்டிருந்தார். நான் பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன்.

"ஆரம்பத்திலேர்ந்தே இவாளுக்கெல்லாம் நாமதான் தண்ணி கொடுத்துண்டு வரோம். அதனாலதான் குடத்தையே சின்னமா வெச்சுண்டோம்."

தாமிரம் போன இடம் தெரியவில்லை. சம்பந்தி உருகிப்போய்விட்டார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளுக்கும் அது கேட்டது. என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னாள்:

"நல்லாத்தான் சொல்லுதாவ ஐயா. கேக்கத்தான் சிரிப்பாணி வருது."

இன்னும் கொஞ்ச வருஷத்தில் இதுவே எங்கள் காலனியின் வரலாறாகிவிடும். எந்தப் பேட்டையிலாவது, யாராவது உங்களிடம் தங்கள் சின்னம் பிறந்த கதையை உருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தால், மறக்காமல் கேளுங்கள் — பூட்டு வாங்கிய கதையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி!