தங்கச்சியோடு பேசாத அம்மா

பேருந்தில் முன்னாலிருந்த பெரியவரின் காதுக் கருவி கீச்சிட்டதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். எண்பதுகளில், லண்டனில், டூட்டிங் வீட்டில், தங்கச்சி மாலாவின் கருவியும் இப்படித்தான் கீச்சிடும்.

காது கேளாத பிள்ளையை இரண்டு மொழி குழப்பும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அவளுடைய பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. புட்டுத் தட்டை வைத்து "ஈட்" என்பார், அவ்வளவுதான். மாலா பேசாமலே வளர்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

ஒருநாள் மாலா அம்மாவின் தொண்டையில் கையை வைத்து, பேச்சின் அதிர்வுக்காகக் காத்திருந்தாள். அம்மாவால் தாங்க முடியவில்லை.

"என்ரை குஞ்சு, பசிக்குதோடி?"

அப்பா பதறினார். "ரீச்சர் என்ன சொன்னவ?"

"இஞ்சருங்கோ, ரீச்சர் பள்ளிக்கூடத்திலை கதைக்கட்டும். என்ரை பிள்ளையோடை நான் கதைக்கப்போறன்."

பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ என்று நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். அம்மா பேசிக்கொண்டே இருந்தார். மாலா கையை எடுக்கவேயில்லை.