கணவாய்க் கறி கொதிக்கும் தூரம்

நடக்கும்போது எனக்கு இரைக்கிற மூச்சில் எவ்வளவு இதயத்தால் வருவது, எவ்வளவு பயத்தால் வருவது? மூன்று வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டே கரம்பொன் வீதியில் நடக்கிறேன். இன்னும் பதில் தெரியாது.

மகள் வயிற்றில் இருந்தபோதுதான் என் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவள் பிறந்தபின் குழாய் விட்டு அதை விரித்தார்கள். பிறகு கிளினிக்கில் டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மூச்சு வாங்கலாம், ஆனால் நடந்தபடியே முழு வசனமாகக் கதைக்க முடியவேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிடவேண்டும். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். யாரோடு கதைப்பது என்று கேட்க மறந்துபோனேன். கணவர் கட்டாரில் வேலை. மாமிக்கோ, இருதய வருத்தக்காரி வீதியில் நடப்பதே பிடிக்கவில்லை.

துணைக்கு வந்தவர், பிள்ளையை நிறுக்க வீட்டுக்கு வருகிற மருத்துவமாது. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பின்னேரம் வேலை முடிந்து போகிற வழியில், சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடப்பார். சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். அவர் கேட்பதற்கெல்லாம் நான் “ஓம் மிஸ்”, “ஓம் மிஸ்” என்பேன். மூச்சு இளைப்பதைக் காட்டினால் நடக்கவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். மூன்றாம் நாள் பிடித்துவிட்டார்.

“உம்மட ஓமுக்கு மூச்சே தேவையில்லை, பிள்ளை. கணவாய்க் கறி எப்பிடி வைக்கிறதெண்டு சொல்லும். துப்புரவாக்கிறதிலயிருந்து.”

தோலை உரித்து, மை படாமல் கழுவி என்பதற்குள் எனக்கு வசனம் அறுந்துவிட்டது. அவர் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார்.

“கணவாய் இன்னும் சட்டிக்கே போகேல்லை. நில்லும். மறைச்சு நடந்து விழுந்தீரெண்டால் நானே உம்மைத் தூக்கிறது?”

சிரிப்பு வந்தது. சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

அப்படித்தான் நாங்கள் தூரத்தை அளந்தோம். ஒரு கிழமையில் வெங்காயம் வதங்கியது. மாதக் கடைசியில் தேங்காய்ப்பால் கொதித்தது. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்வரை நான் ஒருமூச்சாகச் சொல்லி முடித்த அன்று, “உம்மட கறிக்குப் புளி கூடிப்போச்சு” என்று மட்டும் சொன்னார். அவர் முகம் முழுக்கச் சந்தோசம்.

போன வருடம் அவருக்கு இடமாற்றம் வந்தது. இப்போது தனியே நடக்கிறேன். தனக்குத்தானே கறி சொல்லிக்கொண்டு போகிறவளை ஊர் என்ன நினைக்கும்? அதனால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன். அந்த நேரம் கணவருக்கு வேலை. மறுபக்கத்தில் யாரும் இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா மறித்து, “என்ன பிள்ளை, கட்டாரிலயும் கணவாயோ? மனுசனுக்கு நெடுகச் சமையல் படிப்பிக்கிறீர்!” என்றார். ஓம் அக்கா என்றேன்.

அடுத்த மாதம் மகளின் முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அம்மாமாருக்கும் ஓட்டம் உண்டு. எனக்கு இன்னும் நடக்க மட்டும்தான் அனுமதி; ஆசிரியையிடம் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்குக் கவலை இல்லை. கவலை வேறு. நேற்று மகள் வளவுக்குள் ஓடிப் பழகினாள். படலையிலிருந்து கிணற்றடிவரை ஓடி வந்து சட்டென்று நின்றாள். தன் நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

“என்னம்மா?” என்றேன்.

“சத்தம் போடாதேங்கோ. நெஞ்சு கூடுதலா அடிக்குதோ எண்டு பாக்கிறன்.”

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்தபோதே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஓடினால் எல்லாருக்கும் அடிக்கும் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதும் என் கை என் நெஞ்சில்தான் இருந்தது. அவள் என் கையைத்தான் பார்த்தாள்.

என்னைப்போல உடம்பில் வருத்தத்தோடு பிள்ளை வளர்க்கிறவர்கள் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பயத்தைப் பிள்ளை பார்த்துப் பழகிவிட்ட பிறகு, பயப்படாமல் ஓடு என்று என்ன சொல்லி அனுப்பினீர்கள்?